ஊ வரிசை, பதினேழு

சம்பளத்துக்கு மறுநாள் டிக்கெட் எடுத்தேன்.
நூற்றைம்பது ரூபாய்.
"தனியாவா?" என்றது
கம்பி வலைக்குப் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடி.
ஆமாம் என்றேன்.
ஆமாம் சொல்ல அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

அருவங்காட்டிலிருந்து உதகைக்கு
இருபது வருடமாகப் போய் வருகிறேன்.
பல் பிடுங்க, வளையல் அடகு வைக்க,
அளவு பொருந்தாத ஸ்வெட்டரை மாற்ற.
ஒவ்வொரு முறையும் பேருந்து ஜன்னலில்
கலையரங்கத்தின் சிவப்புக் கூரை வந்து போகும்.
யாரோ பெரிய மனிதரின் வீட்டுக் கல்யாணம்போல,
நமக்குப் பத்திரிகை வராத கல்யாணம்.

உள்ளே முதலில் இருந்தது வாசனை.
ஐந்நூறு நாற்காலி, எழுபது பேர்,
எழுபது கம்பளியிலிருந்தும்
ஒன்றாக எழுந்த பாச்சை உருண்டை.
என் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.
ஷூ விளிம்பில் கேரட் தோட்டத்து மண்.
குனிந்து பார்த்தோம் இருவரும்:
பித்தளைத் தகட்டில் ஊ தேய்ந்து
முன் வரிசையும் உ, இந்த வரிசையும் உ.
"பதினெட்டுல உக்காருங்கம்மா,
கேட்டா பெள்ளி சொன்னாருன்னு சொல்லுங்க."
யாரும் கேட்கவில்லை.

ஆறரைக்கு மைக்கைத் தட்டினார் மேலாளர்.
பர்லியாற்றுக்குக் கீழே மண் சரிந்துவிட்டது.
நடனக் குழுவின் வேன்
சரிவுக்கு அந்தப் பக்கம்.
பணம் திருப்பித் தரப்படும்.
ஒருவரும் எழவில்லை.
கூரைமேல் மழை கொட்டியது.
குடைகள் வாசல் மூலையில்
ஒன்றன்மேல் ஒன்றாக, யாருடையது எதுவென்று தெரியாமல்.

மேலே விளக்குக் கூண்டில் இருந்த ஹாலனுக்கு
இது சொல்லப்படவில்லை போலும்.
தாளில் எழுதியிருந்தபடி
முதலில் நீலம் போட்டார்,
பிறகு மஞ்சள்,
பிறகு நடுமேடையில் ஒரு வட்டம்.
சாமான் இறக்கும் பக்கவாசல் திறந்தே கிடந்தது.
அதன் வழியே மஞ்சு வந்தது.
மேடை ஓரத்தில் கொஞ்சம் தயங்கி
வட்டத்துக்குள் போனதும்
ஒரு குழந்தை கை தட்டியது.
"இன்னும் ஆரம்பிக்கல" என்று அதட்டினாள் தாய்.
பெள்ளி இரண்டு முறை தும்மினார்.

அப்புறம் மேலாளருக்கு ஒரு போன்.
காதில் வைத்திருந்தவர் முகம் மாறி
அதை எடுத்து மைக்கின்முன் பிடித்தார்.
நட்டுவாங்கத் தையல்நாயகியாம்,
வேனுக்குள்ளிருந்து.
மன்னிப்புக் கேட்கத்தான் பேசினாள், பாவம்.
மன்னிப்பு பாதியில் தீர்ந்துபோய்
"வந்திருந்தா இப்படித்தான் தொடங்கியிருப்போம்" என்று
தாளத்தைத் தட்டினாள்.
எதன்மேல் தட்டினாளோ, தகர ஒலி.
தகதிமி தகஜணு என்று
மழையும் இரைச்சலுமாக
மலை ஏறி வந்தது சொல்.

ஏறிக்கொண்டிருந்தபோதே அறுந்தது.

தொழிற்சாலையில் என் வேலை எண்ணுவது.
தட்டுக்கு அறுபத்து நான்கு.
ஒன்று பிசகினால் முதலிலிருந்து.
கை தானாகத் தொடையில் விழுந்தது.
பார்த்தால் பெள்ளியின் விரலும்,
முன்னால் இரண்டு வளையல் கையும்.
ஆளுக்கொரு வேகம், ஒன்றும் ஒட்டவில்லை.
மேலே விளக்கு மட்டும்
தாளின்படி சிவப்பானது.

"ஹலோ? கேக்குதா?
ஹலோ, அங்க கேக்குதா?"

கேக்குது என்றோம்.
எழுபது பேரும் ஒரே குரலில், சொல்லிவைக்காமல்.
அரங்கம் அதை வாங்கி
தனக்காக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தது.
எங்கள் குரல் அவ்வளவு பெரியது என்று
யாருக்குத் தெரியும்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றார் மேலாளர்,
அவருடையதா, அவளுடையதா, சொல்லவில்லை.

பணம் வாங்கும் வரிசையில் நான் நிற்கவில்லை.
பெள்ளி நின்றார்,
வாங்கி எண்ணிப் பார்த்தார்,
எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.
என் குடை கிடைக்கவில்லை.
வேறு யாருடையதையோ எடுத்துக்கொண்டேன்,
ஒரு கம்பி உடைந்தது.

ஒன்பதரைக்கு அருவங்காட்டில் இறங்கினேன்.
கீழிருந்து ஒரு வேன் மேலேறிப் போனது,
பக்கமெல்லாம் சேறு.
உள்ளே விளக்கில்லை.
மடியில் எதையோ வைத்துக்கொண்டு
சன்னலோரம் ஒருத்தி தூங்கினாள்.
அவர்களாக இருக்கலாம்.
பாலக்காட்டு ஐயப்ப பக்தர்களாகவும் இருக்கலாம்.
உடைந்த குடையைத் தூக்கிக் காட்டி
"கேட்டுச்சு" என்றேன், சத்தமாகவே.
டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.